ஓட்டைச் சாக்கு

நமசோ ஊரில் சோளக்கள் காய்ச்சுகிற பெண்கள் பலர் இருந்தாலும், சந்தை நாளில் ஓடீலின் கொட்டகையில்தான் உட்கார இடம் கிடைக்காது. அவள் கள் மற்றவர்கள் கள்ளைவிட உசத்தி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எல்லார் வீட்டிலும் அதே முளைகட்டிய சோளம், அதே ஓடைத் தண்ணீர். கூட்டம் வந்தது அவளுடைய வாய்க்காக. அதிலும் யேரோ சக்கை அள்ள வருகிற நேரமாகப் பார்த்து வந்து உட்காருகிறவர்கள் உண்டு.

யேரோ ஃபுலானிக்காரன். ஊருக்கு வெளியே மாடு வளர்க்கிற சனங்களின் பட்டியில் அவன் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஓடீல் போபோக்காரி, ஊருக்குள் வயல் உழுது பிழைக்கிற சனம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, கல்யாண வயசில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கள் வடித்தபின் மிஞ்சுகிற சக்கை மாட்டுக்கு அருமையான தீனி. அதை அவன் எடுத்துப்போவான், பதிலுக்கு அவன் வீட்டிலிருந்து பால் வரும். தொழுகை தவறாதவன் என்பதால் கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டான். கழுதை வண்டியைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு, தலைப்பாகைத் தொங்கலால் மூக்கை மூடிக்கொண்டு நிற்பான்.

"மூக்கை ஏன்டா மூடுறே, அடிமைப் பயலே? என் கள்ளு வாசனை பட்டா சொர்க்கத்துல உன் பேரை அடிச்சிருவாங்களோ?"

"அடியே கள்ளுப்பானை, கள்ளுக்கு இல்லடி, உன் நாத்தத்துக்கு மூடுறேன். எங்கப்பா ஒரு கிழட்டு ஆட்டைக் குடுத்து உன்னை வாங்கினப்பவே சொன்னேன், ஆட்டையே வச்சுக்கலாம்னு."

கொட்டகை அதிரும். போபோக்காரர்களுக்கும் ஃபுலானிக்காரர்களுக்கும் நடுவில் கேலிமுறை இருக்கிறது. நம் மாமன் மச்சான் கேலி போலத்தான், ஆனால் ஒரு குடும்பத்தோடு நிற்காமல் இரண்டு சனங்களுக்கும் சேர்த்து. ஆளுக்கு ஆள் மற்றவரைத் தன் அடிமை என்பார்கள். மாடு வயலில் இறங்கி மேய்ந்துவிட்டால் வேறு ஊர்களில் வெட்டுக்குத்தில் முடியும். இங்கே, "என் அடிமையோட மாடு என் வயல்ல மேயாம எங்க மேயும்" என்று வயல்காரன் கத்துவான், மாட்டுக்காரன் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான், இருவரும் சிரித்துவிட்டு நஷ்டத்தைப் பேசித் தீர்ப்பார்கள். இந்த முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் கோபப்படக் கூடாது. மன்னிப்புக் கேட்கவும் கூடாது, கேட்டால் முறை விட்டுப்போயிற்று என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லித் தந்ததில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். கேலியில் நிஜம் கலக்கக் கூடாது. திருடாதவனைத் திருடன் என்று கூப்பிடலாம். திருடினவனைக் கூப்பிடக் கூடாது.

அதைத்தான் ஓடீல் மீறினாள்.

வடக்கே காட்டுக்காரர்கள் என்று பேர் வாங்கிய ஆயுதக் கும்பல் ஊர் ஊராகப் புகுந்து சுட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. நமசோவின் காவலுக்கென்று எங்கிருந்தோ துப்பாக்கிப் பையன்கள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். காட்டுக்காரர்களில் ஃபுலானிகள் இருக்கிறார்கள் என்பதால் ஃபுலானி எல்லாருமே காட்டுக்காரன் என்பது அவர்கள் கணக்கு. பட்டிப் பக்கம் போய் வெறுமனே நின்று பார்த்துவிட்டு வருவார்கள். சாயங்காலமானால் ஓடீலின் கொட்டகைக்கு வருவார்கள்.

அந்தக் கோடையில் யேரோவின் சித்தப்பா மகன் வடக்கிலிருந்து மாடு, பெண்டாட்டி, பிள்ளைகளோடு ஓடிவந்தான். ஊருக்குள் வந்தால் துப்பாக்கிப் பையன்கள் விட மாட்டார்கள் என்று ஓடைக்கு அந்தப் பக்கம் புதர்க்காட்டில் ஒளிந்திருந்தான். யேரோ வழக்கமாக ஒரு மூட்டை சக்கை எடுக்கிறவன், இரண்டு மூட்டை எடுக்க ஆரம்பித்தான். ஓடீலின் கண்ணுக்கு அது தப்பாது என்று அவனுக்குத் தெரியும். ஒரு விடியற்காலையில் தானே வந்து சொன்னான். அன்று கள்ளுப்பானை என்று கூப்பிடவில்லை. "ஓடீல்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நம்பிக்கை.

அடுத்த சந்தையன்று கொட்டகை நிறைந்திருந்தது. துப்பாக்கிப் பையன்களின் தலைவன் முன்வரிசையில் உட்கார்ந்து சுரைக்குடுவையைக் கையில் வைத்திருந்தான். யேரோவின் வண்டி பின்னால் வந்து நின்றது.

"பாருங்க, ஓடிப்போன என் அடிமை வந்துட்டான்" என்று ஓடீல் ஆரம்பித்தாள். "தம்பிகளா, இவனைப் பிடிச்சுக் கட்டுங்க. காட்டுக்காரங்களுக்குத் தலைவனே இவன்தான்."

சிரிப்பு எழுந்தது. யேரோ வண்டியிலிருந்து இறங்காமலே பதில் சொன்னான். "ஆமாய்யா, நான்தான் தலைவன். இவ என் ஒன்பதாவது பொண்டாட்டி. முதல்ல இவளைக் கட்டுங்க, எனக்கும் நிம்மதி."

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தலைவன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஓடீலுக்கு வீம்பு ஏறியது. அவள் கொட்டகையில், அவள் கள்ளைக் குடித்துவிட்டு, அவளைப் பார்த்தே சிரிக்கிறார்களே! அவளுக்குக் கடைசிச் சொல் வேண்டும். எப்போதும் அப்படித்தான். நாக்கு நுனியில் எது இருந்ததோ அதை எடுத்து வீசினாள்.

"பொண்டாட்டி இருக்கட்டும்டா. உன் மாட்டுக்கெல்லாம் ரெண்டு வயிறு முளைச்சுதா? ரெண்டு ரெண்டு மூட்டையா அள்ளிட்டுப் போறியே, ஓடைக்கு அந்தப் பக்கம் யாருக்குடா விருந்து வைக்கிறே?"

கொட்டகை குலுங்கியது. யேரோவும் சிரித்தான். தலைப்பாகைத் துணிக்கு மேலே அவன் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஓடீல் அதைப் பார்த்தாள். தலைவன் எல்லாருக்கும் முன்பே சிரித்து முடித்துவிட்டான், வண்டியில் கிடந்த சாக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதையும் பார்த்தாள். ஓடை என்ற சொல் தன் குரலில் தன் காதிலேயே விழுந்தது. உடனே வேறு ஏதோ கேலி சொன்னாள், அதற்கு மேல் இன்னொன்று சொன்னாள். கொட்டின கள்ளை மண்ணிலிருந்து அள்ள முடியுமா?

அன்று பொழுது சாய்வதற்குள் யேரோவை ஓடைக்கரையில் பிடித்தார்கள். மந்தையைக் கண்டுபிடித்தார்கள். சித்தப்பா மகனின் குடும்பம் திசைக்கொருவராகச் சிதறி ஓடியது. அவர்களுடைய மாடுகளெல்லாம் பறிபோயின. யேரோவைக் கண்ணைக் கட்டி வண்டியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள்.

மறுநாள் ஓடீல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். தலைவன் அவளை நாற்காலியில் உட்கார வைத்தான்.

"அது கேலி, தம்பி. நாங்க அப்படித்தான் பேசிக்குவோம். ஊருல யாரை வேணா கேளுங்க."

"கேலின்னு எனக்குத் தெரியாதாம்மா? எங்க ஊர்லயும் கேலிமுறை இருக்கு. எங்கப்பா சாவுக்கு முறைக்காரங்க வந்து பண்ணின கூத்துல நாங்க அழவே மறந்துட்டோம்." அவன் சிநேகமாகச் சிரித்தான். "நீங்க கேலிதான் பண்ணீங்க. ஆனா மாடு அங்க இருந்துச்சே."

அவள் எழுந்து வாசலுக்கு வந்தபோது அவன் பின்னாலிருந்து சொன்னான்: "ரொம்ப நன்றிம்மா."

அந்த நன்றி அவளைத் தின்றது. பானை கழுவும்போது அது காதில் விழும். மாதா கோயிலில் முழங்காலிடும்போது விழும். அவள் கணவன் ஆன்செல்ம் நல்ல மனுஷன், அதிகம் பேசாதவன். "வேணும்னேவா சொன்னே? வாய் தவறிடுச்சு" என்று ஒருமுறை சொன்னான். வாய் தவறவில்லை என்பது ஓடீலுக்கு மட்டும் தெரியும். வாய் குறி பார்த்துத்தான் எறிந்தது. ஒரு சிரிப்புக்காக எறிந்தது.

மழை தொடங்கிய பிறகு யேரோ திரும்பி வந்தான். அவனைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று ஓடீல் பல நாளாய் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். எங்கடா ஓடிப்போனே அடிமைப் பயலே, சக்கையெல்லாம் புழுத்துக் கிடக்கு, வந்து தின்னு என்று ஆரம்பிப்பதாக இருந்தாள். பாதையில் எதிரே வந்தவனின் இடது கையைப் பார்த்தாள். விரல்கள் நான்கும் உடைந்து, கோணலாகக் கூடியிருந்தன.

அவன்தான் முதலில் பேசினான். "வணக்கம் ஓடீல் அம்மா. சுகமா இருக்கீங்களா? வீட்டுல ஐயா, பிள்ளைங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கோம்" என்றது அவள் வாய்.

"சந்தோஷம். வரேங்கம்மா." ஒதுங்கி வழிவிட்டு நடந்து போனான். செவிட்டில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அத்தனை வலித்திருக்காது.

அதன்பின் அவன் சக்கைக்கு வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் அது குவிந்து புளித்து ஈ மொய்த்தது. அவள் பன்றிகளுக்குக் கொட்டினாள். போபோக்காரர்கள் மேய்க்கச் சொல்லி விட்டிருந்த மாடுகளையெல்லாம் யேரோ ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்து அவரவர் வாசலில் கட்டினான். ஆன்செல்மின் இரண்டு காளைகளும் வந்தன, நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டி, ஒரு உண்ணிகூட இல்லாமல். ஃபுலானிக்காரன் மாட்டைத் திருப்பிக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழை விட்டதும் பட்டி கிளம்பிவிடும். கிளம்பினால் கிளம்பினதுதான். எல்லாரும் ஓடீலைப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தாங்க முடியாமல் அவள் ஒரு சேவலையும், மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற கோலாக் கொட்டைகளையும் எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். போகக் கூடாது என்று தெரிந்தேதான் போனாள். யேரோ எழுந்து நின்று வரவேற்று அவளுக்குப் பாய் விரித்தான். உள்ளே அவன் தாய் தக்கோ உடம்பு முடியாமல் படுத்திருந்தாள். வெளியே பெண்கள் குடுவைகளை வலைப்பைகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான், யேரோ. என்னாலதான்..."

"அதெல்லாம் ஆயிப்போச்சும்மா. மன்னிச்சாச்சு. மனசுல வச்சுக்காதீங்க. பால் குடிச்சிட்டுப் போங்க."

மன்னிச்சாச்சு. எத்தனை சுளுவாகச் சொல்லிவிட்டான்! பாலை வாங்கிக் குடித்தாள்.

அப்போது உள்ளிருந்து தக்கோவின் குரல் வந்தது. வயசாகி, நோயில் கிடந்து, பாதி மூச்சுப் போயிருந்தாலும் அந்தக் குரலில் காரம் போகவில்லை. "யாருடா அது, என் அடிமையா? கோழியை உயிரோட தூக்கிட்டு வந்திருக்கா? அடிச்சுக் குழம்பு வைக்கத் தெரியாதாமா அந்தக் குடிகாரிக்கு?"

"அம்மா, பேசாம படுங்க" என்றான் யேரோ.

ஓடீலுக்கு வாசல் திறந்தாற்போல் இருந்தது. ஒரு வசவு, ஒரே ஒரு வசவு சொல்லியிருந்தால் போதும். ஆனால் "சரிங்கம்மா" என்றாள், மரியாதையாக.

தக்கோ வாசல் வழியாக அவளைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சில நாளில் தக்கோ இறந்துபோனாள். காலையில் செய்தி வந்தது, வெயில் ஏறுவதற்குள் அடக்கம். ஃபுலானி மையத்து கபரஸ்தானுக்குப் போகும் வழி ஓடீலின் கொட்டகைக்கு எதிரே உள்ள மாமரத்தைத் தாண்டித்தான். அந்த மாமரத்தடியில் போபோக்காரர்கள் வழிக்குக் குறுக்கே கயிறு பிடித்து மையத்தை மறிப்பார்கள். எங்கள் அடிமையை எங்களைக் கேட்காமல் எங்கே தூக்கிப் போகிறீர்கள் என்று சண்டை போடுவார்கள், செத்தவரைப் போல நடந்து காட்டுவார்கள், ஆடோ கோழியோ காசோ வாங்கிக்கொண்டுதான் கயிற்றைத் தளர்த்துவார்கள். போபோ வீட்டுச் சாவில் ஃபுலானிகள் இதையே செய்வார்கள். யாரும் மறிக்காமல் எந்த மையத்தும் இதுவரை அந்த வழியில் போனதில்லை.

ஆனால் அன்று எந்த வீட்டிலிருந்தும் கயிறு புறப்படவில்லை. அவர்களே நொந்து கிடக்கிறார்கள், இப்போது போய்க் கூத்தடித்தால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று ஆளாளுக்குத் தயங்கினார்கள். ஆன்செல்ம் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினான்.

"நீ போகாதே. உன் வாய் பண்ணினது போதும்."

அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓடீல் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். வெளியே காலடிச் சத்தம் நெருங்கியது, மாமரத்தடியில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அவள் கதவிடுக்கில் பார்த்தாள். பாயில் சுற்றிய மையத்தைத் தோளில் சுமந்தபடி ஆண்கள் வெயிலில் நின்றார்கள். முன்னால் யேரோ. அவன் வழியைப் பார்க்கவில்லை, வீடுகளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனாலும் நின்றான்.

சுமந்தவர்களில் ஒருவன் தோள் மாற்றினான். யேரோ ஒரு அடி எடுத்து வைத்தான்.

ஓடீலுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றுக் கயிறு ஈரமாகச் சுருட்டிக் கிடந்தது, அதை அள்ளிக்கொண்டு கதவைத் தள்ளி ஓடினாள். ஆன்செல்ம் கூப்பிட்டது காதில் விழவில்லை. கயிற்றின் ஒரு முனையை மாமரத்தில் சுற்றினாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு வழிக்கு நடுவில் நின்றாள்.

"எங்கடா தூக்கிட்டுப் போறீங்க என் அடிமைய?" குரல் பிசிறியது. "யாரைக் கேட்டுச் செத்தா இவ? என் கள்ளைத் திருடிக் குடிச்சிட்டு, கணக்குத் தீர்க்காம கண்ணை மூடிட்டா..."

தக்கோ வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை. பொய்தான், முறைப்படியான பொய். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

"விடுங்கம்மா" என்றான் யேரோ மெதுவாக. "நேரமாகுது. என்ன வேணும்னு சொல்லுங்க, குடுத்துடறோம். ஆடு வேணுமா?"

"ஆடு வேணாம்."

"பின்னே?"

"உங்கம்மாகிட்ட நான் கடைசியாப் பேசினது என்ன தெரியுமாடா? சரிங்கம்மா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கேலிக்காரி அழக் கூடாது, அழுதுவிட்டாள். "ஒரு வசவு குடு. என்னை ஒரு வசவு திட்டிட்டுப் போ. அது இல்லாம இந்தக் கயிறு நகராது. என்னை மிதிச்சுக்கிட்டுத்தான் போகணும்." சொல்லிவிட்டு வழியிலேயே புழுதியில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டு வாசல்களில் போபோ சனங்கள் ஒவ்வொருவராகத் தலைகாட்டினார்கள். யேரோ தன் கோணல் கையைப் பார்த்தான். பாயில் சுற்றியிருந்த தாயைப் பார்த்தான். திட்ட மாட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"எழுந்திருடி" என்றான். "எழுந்திருடி, ஓட்டைச் சாக்கு."

ஓடீல் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு மூட்டை விஷயத்தை உனக்குள்ள போட்டு வச்சா ஓடை வரைக்கும் சிந்திக்கிட்டே போற ஓட்டைச் சாக்கு நீ. உன்னை வாங்கினதுக்கு எங்கப்பா அந்த ஆட்டைத் தின்னிருக்கலாம்."

ஆட்டைத் தவிர மற்றது கேலி அல்ல, நிஜம். அவள் மீறியதை அவனும் மீறிவிட்டான், ஊரறிய, அம்மாவின் மையத்தை வைத்துக்கொண்டு. முறைப்படி அவள் கோபப்படக் கூடாது, அழவும் கூடாது, பதில் சொல்ல வேண்டும். புழுதியோடு எழுந்து கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்தாள்.

"ஓட்டையா இருந்தாலும் உன் அப்பன் வாங்கின சாக்குடா" என்றாள். "போ, அடிமைப் பயலே. உங்கம்மாவைப் பத்திரமா இறக்கு."

சுமந்தவர்களில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். வாசல்களிலிருந்து ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஆன்செல்ம் கயிற்றை மரத்திலிருந்து அவிழ்க்க ஓடி வந்தான். மையத்து நகர்ந்தது. போபோ சனங்கள் கூட நடந்தார்கள், வழியெல்லாம் தக்கோவைத் திட்டிக்கொண்டு. ஓடீல் பின்னால் நடந்தாள்.

மழை விட்டபோது பட்டி கிளம்பவில்லை. வலைப்பைகள் அவிழ்ந்தன. ஆன்செல்மின் காளைகள் ஒருநாள் தானாகவே மந்தையோடு போய்ச் சேர்ந்துகொண்டன, யாரும் ஓட்டிக்கொண்டு வரவில்லை. துப்பாக்கிப் பையன்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சித்தப்பா மகனைப் பற்றி இன்னும் ஒரு சேதியும் இல்லை.

கள் வடிக்கிற நாளில் யேரோவின் வண்டி மறுபடி பின்பக்கம் வந்து நிற்கிறது. இப்போது எத்தனை மூட்டை எடுக்கிறான், எந்தப் பக்கம் கொண்டுபோகிறான் என்று ஓடீல் பார்ப்பதில்லை. அவன் அள்ளும்போது முகத்தை அடுப்பின் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அவனும் ஊர்க்கதை பேசுவான், மழை பற்றிப் பேசுவான், தன்னைப் பற்றி நிஜமாக ஒன்றும் சொல்ல மாட்டான். கள்ளுப்பானை என்ற பழைய பெயர் போய்விட்டது. பட்டியில் சின்னப் பிள்ளைகள்கூட அவளை ஓட்டைச் சாக்கு என்றே கூப்பிடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அது ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை.

"ஏ ஓட்டைச் சாக்கு" என்று அவன் பின்னாலிருந்து கூப்பிடுகிறான். "சக்கை ஆறிடுச்சாடி?"

கோணல் விரல்களால் அவனுக்குச் சாக்கின் வாயைப் பிடிக்க வராது. அவள் போய்ப் பிடித்துக்கொள்கிறாள், அவன் அள்ளிப் போடுகிறான். கொட்டகையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஓடீலும் சிரிக்கிறாள், ஒவ்வொரு முறையும் குத்துகிறது, ஒவ்வொரு முறையும் சிரிக்கிறாள். அவன் என்றைக்காவது அந்தப் பெயரை மறந்து, ஓடீல் அம்மா என்று கூப்பிட்டுவிடுவானோ என்ற பயம்தான் அவளுக்கு.